பெயர் மறந்த புஷ்ஷும் எண் அழிந்த சீலும்

பழைய டிராக்டரை மறுபடி ஓடவைக்க நினைப்பவருக்கு எஞ்சின் பிளாக்கும் கியர்பாக்ஸ் கூடும் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. அவை கனத்த வார்ப்பிரும்பு. வருடக்கணக்கில் வேப்பமரத்தடியில் நனைந்து காய்ந்தாலும் தாங்கும். வேலையை நிறுத்திவைப்பது சின்னச் சாமான்கள்: லிப்ட் மூடிக்குள் ஓர் ஓ-ரிங், இன்ஜெக்டருக்கு அடியில் ஒரு செம்பு வாஷர், கிங்பின்னைச் சுற்றி ஒரு புஷ், டைனமோவுக்குள் தேய்ந்துபோன கார்பன் பிரஷ். இவற்றில் ஒன்று கிடைக்காவிட்டாலும் ஒன்றரை டன் இரும்பு இருந்த இடத்திலேயே இருக்கும்.

தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோடு, அரூர், பென்னாகரம் பக்கத்துக் கிராமங்களில் மாட்டுக்கொட்டகை ஓரமாகத் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் டிராக்டர்கள் பல, தாத்தா வாங்கி அப்பா ஓட்டியவை. அவற்றை எழுப்ப நினைப்பவர்களுக்கு இந்த மாவட்டத்தில் ஒரு வசதி உண்டு. அந்த வண்டிகளின் உறுப்புகள் பிறந்த ஊர்கள் ஒரு நாள் பயணத்துக்குள் இருக்கின்றன. டாஃபே நிறுவனம் 1961இல் மாஸி பெர்குசன் டிராக்டரைத் தயாரிக்கத் தொடங்கியது சென்னை செம்பியத்தில். அதே குழுமத்தைச் சேர்ந்த சிம்சன் அதற்குப் பெர்கின்ஸ் வகை எஞ்சின் கொடுத்தது. இந்தியா பிஸ்டன்ஸ் பிஸ்டன் கொடுத்தது. டைனமோவும் ஸ்டார்ட்டரும் பாடியில் இருந்த லூகாஸ் டி.வி.எஸ்.ஸிலிருந்து வந்தன. டீசல் பம்புக்கும் நாசிலுக்கும் பெங்களூரு மைகோ. வார்ப்புக்குக் கோவை. இவற்றுக்கெல்லாம் நடுவில் நெடுஞ்சாலை மேல் உட்கார்ந்திருக்கிறது தருமபுரி.

ஆனால் எல்லா வண்டிக்கும் இந்தக் கொடுப்பினை இல்லை. செக்கோஸ்லோவாகியாவின் ஜெட்டர் தொழில்நுட்பத்தோடு 1971இல் ஹரியானாவின் பிஞ்சோரில் எச்.எம்.டி. தொடங்கிய டிராக்டர் உற்பத்தியை மூட 2016இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துவிட்டது. எச்.எம்.டி. 2511 வைத்திருப்பவருக்குத் தாய்க் கம்பெனியின் ஸ்பேர் என்பது கடைக்காரர் அலமாரியில் மிச்சமிருப்பதுதான். அது தீர்ந்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் இந்தக் கட்டுரையின் அக்கறை.

என் கட்சி இது: ஓர் உதிரிபாகத்தைப் பெயரை வைத்தும் கம்பெனி எண்ணை வைத்தும் தேடுபவர் சீக்கிரம் களைத்துப்போவார். அது அங்கே என்ன வேலை செய்கிறது, எந்தப் பொருளால் ஆனது, எவ்வளவு கடினமானது, என்ன அளவு என்ற நான்கையும் தெரிந்துகொண்டவர், ஒன்று அதை வேறு எங்காவது கண்டுபிடிப்பார், இல்லையென்றால் செய்துகொள்வார். செய்யக் கூடாதது எது என்பதும் அந்த நான்கிலிருந்தே தெரிந்துவிடும்.

பேரிங்கைப் பாருங்கள். டிராக்டர் கம்பெனி அதற்குத் தன் பங்குக்கு ஒரு நீண்ட எண் கொடுத்திருக்கும். பேரிங்கின் வளையத்தில் பொறித்திருக்கும் எண் உலகத்துக்கே பொது. 6205 என்றால் உள் விட்டம் 25 மி.மீ., வெளி விட்டம் 52, தடிமன் 15. கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள் விட்டம். 04 முதல் மேலே இந்தக் கணக்குச் சரியாக வரும். வண்டி போலந்துக்காரனுடையதோ இங்கிலாந்துக்காரனுடையதோ, தருமபுரி பேருந்து நிலையத்துப் பக்கத்து பேரிங் கடையில் எடுத்துக்கொள்ளலாம். முன் சக்கரத்தின் டேப்பர் பேரிங்குகளில் பல அங்குல அளவில் இருக்கும். அவற்றுக்கும் இப்படிப் பொது எண் உண்டு. ஆயில் சீலும் அதே வகைதான். உள் விட்டம், வெளி விட்டம், தடிமன் என்ற மூன்று எண்ணும் ரப்பரிலேயே அச்சாகியிருக்கும். அழிந்துபோயிருந்தால் ஷாஃப்டையும் சீல் உட்காரும் குழியையும் வெர்னியரால் அளந்தால் போதும். அப்படி அளக்கும்போது ஷாஃப்டில் சீலின் உதடு உரசி உரசிப் பள்ளம் பறித்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். பறித்திருந்தால் புதுச் சீலும் ஒழுகும். இடம் இருந்தால் இரண்டு மில்லிமீட்டர் முன்னே தள்ளி அழுத்தினால், உதடு தேயாத எஃகின்மேல் உட்காரும்.

போல்ட்டில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். மாஸி பெர்குசனின் மரை அங்குலக் கணக்கு. ஜெட்டர் வழி வந்த எச்.எம்.டி.யுடையது மில்லிமீட்டர். இதற்கும் முந்தைய ஆங்கிலேய இயந்திரங்களில் விட்வொர்த் மரை. ஜோசப் விட்வொர்த் 1841இல் முன்வைத்த அந்த மரையின் பல் கோணம் 55 பாகை. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க போல்ட் ஆங்கிலேய நட்டில் சேராமல் பட்ட பாட்டுக்குப் பிறகு, அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் 1948இல் உடன்பட்டு 60 பாகையில் பொது மரையைக் கொண்டுவந்தன. யூ.என்.சி., யூ.என்.எஃப். என்று பட்டறையில் சொல்வது அதைத்தான்.

மூன்றும் ஒன்றையொன்று ஏமாற்றும் அளவுக்கு நெருக்கம். இரண்டரை நூல் போல்ட், அதாவது 5/16 அங்குலம், 7.94 மி.மீ. விட்டம். எம் 8 போல்ட் 8 மி.மீ. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் அங்குல போல்ட்டில் அங்குலத்துக்கு 18 பல். ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடைவெளி 1.41 மி.மீ. எம் 8இல் அது 1.25. முதல் சுற்று விரலாலேயே ஏறும். மூன்றாவது சுற்றில் பல்வரிசை அரை மில்லிமீட்டர் தள்ளிப்போயிருக்கும், அங்கே இறுகும். "கொஞ்சம் துரு, ஸ்பேனர் போட்டா ஏறிடும்ணே" என்று யாராவது சொல்வது அந்த இடத்தில்தான். ஏறத்தான் செய்யும், வார்ப்பிரும்புக் கூட்டில் இருக்கும் பெண் மரையைச் சீவிக்கொண்டு.

விட்வொர்த்தும் யூ.என்.சி.யும் இன்னும் தந்திரமானவை. கால் அங்குலத்துக்கு இரண்டிலும் 20 பல். மூன்று நூலுக்கு, அதாவது 3/8 அங்குலத்துக்கு, இரண்டிலும் 16. போல்ட் இடறாமல் கடைசிவரை ஏறிவிடும். கோணம் ஐந்து பாகை வித்தியாசம் என்பதால் பல்லின் முழுப் பக்கமும் படியாமல் ஒரு கோடு மட்டும் படிந்து, சுமை முழுவதும் அந்தக் கோட்டில் விழும். வண்டியின் அதிர்வில் அந்தப் போல்ட் தளர்ந்துகொண்டே இருக்கும். ஏன் தளர்கிறது என்பது யாருக்கும் விளங்காது. அரை அங்குலத்தில் மட்டும் விட்வொர்த்துக்கு 12 பல், யூ.என்.சி.க்கு 13, அந்த அளவில் மட்டும் வித்தியாசம் உடனே காட்டிக்கொடுத்துவிடும். சீப்புப் பல் போன்ற தகடுகள் கோத்த த்ரெட் கேஜ் இல்லாமல் பழைய டிராக்டரில் கை வைக்கவே கூடாது என்பேன். சில நூறு ரூபாய்க்குள் முடிகிற கருவி. தகட்டைப் பல்லில் பொருத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இடுக்கில் ஒளி கசிந்தால் அது அந்த மரை இல்லை.

மரை போன துளையை ஒரு சுற்று பெரிதாக்கி வேறு போல்ட் போடுவதைவிட, பெரிய டேப் போட்டு அதற்குள் கம்பிச்சுருள் செருகுவது நல்லது. ஹெலிகாயில் என்று கேட்டால் கொடுப்பார்கள். உள்ளே அசல் அளவே திரும்பக் கிடைக்கும். அடுத்த தலைமுறை மெக்கானிக்கும் குழம்ப மாட்டார்.

செம்பு வாஷர் விஷயத்தில் பட்டறைக்காரர்கள் கையில் வைத்திருக்கும் வித்தை எனக்கு மிகவும் பிடித்தது. இன்ஜெக்டர் அடியிலும் டீசல் பைப் முனையிலும் இருக்கும் இந்த வாஷர், இறுக்கும்போது நசுங்கி, இரண்டு பக்கத்துக் கீறலையும் நிரப்பிக் கசிவை அடைக்கிறது. நசுங்க வேண்டுமானால் மெத்தென்று இருக்க வேண்டும். ஒருமுறை நசுங்கியதும் விறைத்துவிடும். மறுபடி போட்டால் ஒழுகும். செம்பின் அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டவை. அந்த வரிசைகளில் ஆங்காங்கே இருக்கும் பிசகுகள் நகர்வதால்தான் உலோகம் வளைகிறது, நசுங்குகிறது. அழுத்த அழுத்தப் புதுப் பிசகுகள் பெருகி ஒன்றின் வழியில் ஒன்று சிக்கிக்கொள்கின்றன. நகர இடம் இல்லாமல் உலோகம் கடினப்படுகிறது.

சூடு அந்தச் சிக்கலை அவிழ்க்கும். பழைய வாஷரைக் கம்பியில் கோத்து அடுப்புச் சுவாலையில் பிடித்தால் முதலில் வானவில் நிறம் ஓடும்; பிறகு கருக்கும்; பிறகு நிழலில் பார்த்தால் மங்கிய சிவப்பு தெரியும். அந்த வெப்பத்தில் அணுக்கள் பிசகில்லாத புதுப் படிகங்களாக அடுக்கிக்கொள்கின்றன. அப்போதே எடுத்துத் தண்ணீரில் போடலாம், காற்றில் ஆறவும் விடலாம்; செம்புக்கு இரண்டும் ஒன்றுதான். எஃகைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் கடினமாகும் என்று பழகியவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். எஃகின் கடினம் திடீர்க் குளிர்ச்சியில் அதற்குள் சிறைப்படும் கார்பனால் வருவது. செம்பில் அந்த வேலைக்குக் கார்பன் இல்லை. மேலே படிந்த கருப்பு ஆக்சைடைப் புளித்தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தால் போய்விடும், குத்துவிளக்கு துலக்குவது போலவே. புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலத்தின் வேலை அது. பிறகு கண்ணாடிமேல் விரித்த நைஸ் உப்புத்தாளில் இரண்டு இழுப்பு இழுத்துச் சமப்படுத்தி மாட்டலாம். நசுங்கி நசுங்கி மெலிந்துபோனதை மட்டும் தூக்கிப் போட்டுவிட வேண்டும். இன்ஜெக்டரின் முனை எரியறைக்குள் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கும் என்பதை அந்த வாஷரின் தடிமன்தான் தீர்மானிக்கிறது.

ரப்பரில் இப்படிச் சமாளிப்பது ஆபத்து. அவசரத்துக்கு சைக்கிள் டியூபை வெட்டி டீசல் மூடிக்கு வளையம் போடுவதை எல்லோரும் பார்த்திருப்போம். டீசலும் ஹைட்ரோகார்பன், இயற்கை ரப்பரும் ஹைட்ரோகார்பன். ஒரே இனம் என்பதால் எண்ணெய் ரப்பருக்குள் நுழைந்து ஊறவைத்துவிடும். எண்ணெய்க்குத் தாங்குவது நைட்ரைல் ரப்பர். அதன் மூலக்கூறில் இருக்கும் நைட்ரைல் தொகுதிகள் எண்ணெயை ஒட்டவிடுவதில்லை. கடையில் கொடுத்தது எதுவென்று சந்தேகமா? ஒரு துண்டை வெர்னியரால் அளந்து, இரவு முழுக்க டீசலில் போட்டு, காலையில் மறுபடி அளவெடுங்கள். ஊதிப் பெருத்து மிருதுவாகியிருந்தால் அதை எண்ணெய்ப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

லிப்டுக்குள் எண்ணெய் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 2,000 பவுண்டையும் தாண்டும். அங்கே ஓ-ரிங்கின் தடிமன் கொஞ்சம்கூட மாறக் கூடாது. அங்குல வகையில் 2.62 மி.மீ. தடிமன் கொண்ட ரிங் இருக்கிறது. மில்லிமீட்டர் வகையில் அதற்குப் பக்கத்தில் இருப்பது 2.5. நகரும் பிஸ்டனில் பள்ளத்தின் ஆழம் 2.29 என்றால் முதல் ரிங் 0.33 மி.மீ. நசுங்கி நிற்கும். இரண்டாவது 0.21 மட்டும். அடைக்கும் வலு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. கலப்பையைத் தூக்கி எஞ்சினை நிறுத்தியதும் அது மெல்ல இறங்கித் தரையைத் தொடுகிறதே, பல வண்டிகளில் காரணம் இவ்வளவுதான். ரப்பர்க் கயிற்றைச் சாய்வாக வெட்டிப் பசை போட்டு ஒட்டிய ரிங் அசையாத, அழுத்தம் குறைந்த மூடிகளுக்குப் போதும். லிப்ட் பிஸ்டனுக்கு ஆகாது.

பேக்கிங் வெட்டுவது எளிது. மூடியைப் பேக்கிங் ஷீட்டின்மேல் வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியால் விளிம்பைச் சுற்றி மெல்லத் தட்டினால் தாளே அளவாக அறுந்து வரும். மூடியின் விளிம்பு அலுமினியமாக இருந்தால் தட்டக் கூடாது, பென்சிலால் தேய்த்துத் தடம் எடுக்க வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பழைய பிரேக் லைனிங், கிளட்ச் தகடு, பழைய பேக்கிங், சில பெர்கின்ஸ் எஞ்சின்களின் பின்பக்கக் கயிறு சீல் ஆகியவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். கம்பிப் பிரஷ்ஷால் சுரண்டுவதும் கம்ப்ரஸர் காற்றால் ஊதுவதும் வேண்டவே வேண்டாம். அந்த இழை நுரையீரலில் தங்கி, பல பத்தாண்டு கழித்தும் புற்றுநோயைக் கொண்டுவரும். தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, துணியோடு கட்டிப் போட வேண்டும். பட்டறையில் வேலை பழகும் பையன்களுக்கு இதை யாரும் சொல்லித்தருவதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

புஷ்ஷுக்கு லேத் இருந்தால் போதும். கன்மெட்டல் ராடை எடைக்கு வாங்கலாம். பழைய கணக்கில் அது 88 பங்கு செம்பு, 10 பங்கு வெள்ளீயம், 2 பங்கு துத்தநாகம். எஃகு எஃகோடு உரசினால் மேடுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிய்த்துக்கொள்ளும். வேறு உலோகம், அதுவும் மெத்தென்ற உலோகம் என்றால் ஒட்டு குறைகிறது. தேய்வதும் மலிவான புஷ்ஷாகவே இருக்கும். அதைக் கூட்டுக்குள் இறுக்கமாக அழுத்தும்போது உள் துளை சற்றே சுருங்கும். ஆகவே முதலிலேயே ஷாஃப்ட் அளவுக்குக் கடைந்துவிடாமல், அழுத்திய பிறகு ரீமர் விட்டு இறுதி அளவுக்கு எடுப்பது முறை. புஷ் தேய்கிறதே என்று எஃகில் கடைந்து போட்டால் புஷ் நிற்கும், கிங்பின் போகும்.

பலமான பொருளைப் போட்டால் நல்லது என்ற எண்ணம் பழைய டிராக்டருக்குச் செய்யும் கெடுதல் கொஞ்சமல்ல. டிராக்டரின் சுழற்சியைக் கருவிக்குக் கடத்தும் பி.டி.ஓ. ஷாஃப்டில், சில கருவிகளில், ஷியர் போல்ட் இருக்கும். நம் செம்மண்ணில் கல் அதிகம். பிளேடு கல்லில் மாட்டினால் அந்தப் போல்ட் அறுந்து வண்டியைக் காப்பாற்ற வேண்டும். அடிக்கடி அறுகிறதே என்று ஆலன் போல்ட் மாட்டிவிடுகிறார்கள். போல்ட் தலையில் இருக்கும் எண்ணைப் படித்தால் என்ன நடக்கிறது என்று விளங்கும். 4.6 என்றால் அறுக்க வேண்டிய இழுவிசை சதுர மில்லிமீட்டருக்கு 400 நியூட்டன், 8.8க்கு 800, ஆலன் போல்ட்டின் 12.9க்கு 1,200. மூன்று மடங்கு. இப்போது போல்ட் அறாது. சங்கிலியில் அடுத்த பலவீனமான இடம் அறும். அது கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஒரு பல்லாக இருக்கலாம், உங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காத பல். அங்குல போல்ட்டில் எண் இருக்காது, கோடு இருக்கும்: மூன்று கோடு கிரேடு 5, ஆறு கோடு கிரேடு 8. ஷாஃப்டையும் கப்ளிங்கையும் பிணைக்கும் அரைவட்டச் சாவியிலும் இதே கவனம் வேண்டும். வேண்டுமென்றே மெத்தென்ற எஃகில் செய்த சாமான் அது.

ஸ்பிரிங்கிலும் இதே கதைதான். அதன் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. கம்பி பத்து சதவீதம் தடித்தால் ஸ்பிரிங் 46 சதவீதம் விறைக்கும். கதவுக் கொக்கிக்கு, பெடலைத் திரும்ப இழுப்பதற்கு ஏதோ ஒன்று போதும். கவர்னரில் அப்படிப் போட்டால் எஞ்சின் வேகம் கட்டுக்குள் நிற்காது. டீசல் பம்பின் பிளஞ்சரும் நாசில் ஊசியும் எந்தப் பட்டறையும் தொடக் கூடாதவை. அவற்றின் இடைவெளி சில மைக்ரான், தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அவற்றுக்கு கேலிப்ரேஷன் செய்யும் பம்ப் கடைதான் வழி. ஸ்டீயரிங் மூட்டும் பிரேக் கம்பியும்கூடப் பட்டறையில் செய்யக் கூடாதவைதான்.

தேடுவதிலும் வேலையை வைத்துத் தேடுவது பலன் தரும். சாம்பல் நிறத்துச் சிறிய பெர்குசன் டி.இ. 20 இங்கிலாந்தில் 1946 முதல் 1956 வரை வந்த வண்டி. அதன் ஸ்டாண்டர்ட் எஞ்சினுக்கு நெருங்கிய உறவு வான்கார்ட் காரின் எஞ்சின். அந்தக் காரைச் சென்னை வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் தயாரித்தது. ஆகவே புதுப்பேட்டையிலோ பெங்களூரு ஜே.சி. ரோட்டிலோ கார் சாமான் கடையில் கேட்பது டிராக்டர் கடையில் கேட்பதைவிடப் பலன் தரலாம். மாஸியின் மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் எஞ்சின் ஜெனரேட்டரிலும் படகிலும் ஓடியது. தருமபுரியில் கிடைக்காத சாமான் மீன்பிடித் துறைமுகத்துக் கடையில் கிடைக்கக்கூடும். கார்பன் பிரஷ்ஷைப் பெரிதாக வாங்கி உப்புத்தாளில் தேய்த்து அளவாக்கலாம், ஆனால் இனம் மாறக் கூடாது. நூற்றுக்கணக்கான ஆம்பியரை 12 வோல்ட்டில் கடத்தும் ஸ்டார்ட்டர் பிரஷ்ஷில் செம்புத்தூள் கலந்திருக்கும். டைனமோ பிரஷ் கருப்புக் கார்பன்.

உடைந்த பிராக்கெட்டைக் கோவைக்குக் கொண்டுபோய் அதையே அச்சாக வைத்து வார்ப்பவர்கள் ஒரு கணக்கை மறக்கக் கூடாது. வார்ப்பிரும்பு உறைந்து ஆறும்போது ஏறத்தாழ ஒரு சதவீதம் சுருங்கும். 200 மி.மீ. இடைவெளியில் இருந்த இரண்டு போல்ட் துளைகள் புதுச் சாமானில் 198இல் வந்து நிற்கும். துளைகளை மெழுகால் அடைத்து, கடைசல் வரும் முகங்களில் ஓரிரு மில்லிமீட்டர் மெழுகோ பட்டியோ பூசி அச்செடுத்து, வார்த்த பிறகு புதிதாகத் துளை போட வேண்டும். இப்போது கணினியில் அளவைப் பெருக்கி முப்பரிமாண அச்சில் அச்சுருவம் செய்துதரும் இடங்களும் வந்துவிட்டன. ஒற்றைச் சாமானுக்கு அது கட்டுப்படியாகிறது.

எச்.எம்.டி. போன்ற ஆதரவற்ற வண்டிகளுக்கு உடனே செய்ய வேண்டியது, நல்ல சாமான்கள் இன்னும் இருக்கும்போதே அவற்றை வரைந்து வைப்பது. தருமபுரி அரசு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், டர்னர் படிக்கும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தோன்றவில்லை. அளவோடு மரை, பொருள், கடினம் எல்லாம் வரைபடத்தில் ஏற வேண்டும். பொருளைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. காந்தம் ஒட்டுகிறதா, அரம் கடிக்கிறதா வழுக்குகிறதா, சாணைக்கல்லில் பொறி எப்படிப் பறக்கிறது என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். மைல்ட் ஸ்டீல் பொறி நீண்டு நேராகப் போகும், கார்பன் கூடிய எஃகில் பொறி பூவாக வெடித்துக் கிளைக்கும், வார்ப்பிரும்பில் சிவந்து குட்டையாக விழும். தேய்ந்த சாமானை அளக்கும்போது தேயாத இடத்தை அளக்க வேண்டும்: புஷ் என்றால் ஷாஃப்ட் தொடாத வெளி விளிம்பு, ஷாஃப்ட் என்றால் பேரிங்குக்கும் சீலுக்கும் நடுவில் எதுவும் உரசாத அந்த ஒரு விரல் நீளம்.